நாற்பத்தொரு சிப்பிகளின் அடிப்பக்கம்

பல்லக்கா என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் அவருடைய பல்லைப் பார்த்து அந்தப் பெயரை வைக்கவில்லை. பதினெட்டு வருடம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்தவர் அவர். நோயாளியின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. சின்ன டப்பாவில் வாயின் அச்சு வரும், கூடவே ஒரு சீட்டு வரும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். இவர் இடது பக்கமாகவே மெல்லுகிறவர், இந்த அம்மாள் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர் என்று சொல்லிவிடுவார். பல் டாக்டர் முன்னறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, "ஆமாங்கிறாங்க" என்பார்.

அந்த வேலை அவருக்கு இரண்டு விஷயங்களைக் கையில் ஏற்றிவிட்டது. பொருத்தம் என்றால் ஆடக்கூடாது. அரைப்பதற்கு முன்னால் ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அரைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

பல்செட்டுகள் வெளியே இயந்திரத்தில் செய்து வரத் தொடங்கியதும் பின்னறையைக் காலி செய்து அங்கே இன்னொரு நோயாளி நாற்காலி போட்டார்கள். பல்லக்கா வீட்டில் இருந்தது நாற்பது நாள். வீட்டில் ஆடுகிற மேசை, ஆடுகிற அலமாரி, ஆடுகிற ஜன்னல் கதவு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, பஸ் ஓட்டுநரான கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கையில் எடுத்தபோது அவர் பயந்துபோனார். அவர்தான் பேப்பரில் வந்த விளம்பரத்தைக் காட்டினார். சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைச் சுத்தம் செய்ய, நுணுக்கமான கைவேலை தெரிந்தவர் தேவை.

நேர்காணலில் அப்போதைய இயக்குநர், எல்லோரும் பெரியவர் என்று அழைத்தவர், ஒரு சிப்பியை மேசையில் வைத்தார். கீழ் ஓடு கிண்ணம்போல் குழிந்தது, மேல் ஓடு மூடிபோல் தட்டை. இரண்டையும் யாரோ அழகாக ஒட்டியிருந்தார்கள். எப்படி இருக்கிறது வேலை என்று கேட்டார். பல்லக்கா அதை அங்குமிங்கும் திருப்பினார். பழக்கத்தில் பைக்குள் கிடந்த கரித்தாளை எடுத்தார். பல் கடி சரியாகச் சேருகிறதா என்று பார்க்க இரண்டு தாடைக்கும் நடுவில் வைப்பார்களே, அந்தத் தாள். அதை இரண்டு ஓட்டின் இடுக்கில் சுற்றிலும் செருகி இழுத்துப் பார்த்தார்.

"ஐயா, இது ஒரே வாய் இல்லீங்க," என்றார். "கீழ்த்தாடை ஒருத்தருது, மேல்தாடை இன்னொருத்தருது."

பெரியவர் சிரிக்கவில்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். கீழ் ஓடு குவாரியின் வடக்கு முகத்திலிருந்து வந்தது, மூடி வேறொரு குழியிலிருந்து வந்தது. அன்றைக்கே வேலை கிடைத்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை இது. இப்போதும் அவருடைய அறையில் அதே வடக்குப் பார்த்த ஜன்னல், அதே சுழல் ஸ்டூல், மணல் பரப்பிய ஒரு தட்டு, காற்றழுத்தத்தில் துடிக்கும் ஓர் ஊசி, பழைய வேலையிலிருந்து கொண்டுவந்த மெழுகுக் கத்திகள், வாய்க்கண்ணாடி இரண்டு. காற்று அடித்தால் கதவு மூடிக்கொள்ளும் என்பதால் வாசலில் செங்கல் அளவு பிளாஸ்டர் கட்டி ஒன்று கிடக்கும். குவாரியிலிருந்து சிப்பி பெட்டி பெட்டியாக வரும். ஊறவைத்து, தேய்த்து, ஊசியால் கொத்தி, பல் துலக்கும் பிரஷால் தூசு தட்டுவார். ஒரு சிப்பிக்கு இரண்டு நாளும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். முடிந்தவை பெரும்பாலும் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போய்விடும். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கோபப்படாத நோயாளிகள், வலிக்கிறது என்று திருப்பி அனுப்பாத நோயாளிகள் என்பார்.

பெரியவர் ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த டாக்டரம்மா பல் டாக்டர் அல்ல, கல் டாக்டர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சிப்பி எப்படிப் புதைபடிவமாகிறது என்பதைப் பல்லக்காவுக்கு உருப்படியாகச் சொன்னவர் அவர்தான். பெரியவர் கொடுத்தது பெயரும் நம்பரும் மட்டும்.

சிப்பிக் குஞ்சு முதல் இரண்டு மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகக் கடலில் நீந்துகிறது. பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றைத் தேடுகிறது. கிடைத்ததும் ஒரு துளிப் பசையை விட்டு இடது பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான், ஆயுள் முழுக்க அங்கேயே. இடது ஓடு கிண்ணமாக வளரும், வலது ஓடு மூடியாகும். செத்த பிறகு கீல் அழுகி, பல சமயம் மூடி கழன்று போகும். கிண்ணத்தில் சேறு நிறையும், மேலே சேறு ஏறும், அதன் மேல் இன்னும் ஏறும். காலம் போகப் போகச் சேறு இறுகிக் கல்லாகிறது. சிப்பி கல்லாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வது முழுக்கச் சரியில்லை. இந்தக் குவாரியில் கல்லானது சுற்றி இருந்த சேறுதான். சிப்பி அன்றைக்கு எந்தச் சுண்ணாம்பால் ஓடு கட்டியதோ அநேகமாக அதே சுண்ணாம்பாகத்தான் இன்றைக்கும் இருக்கிறது. ஓடுகளில் கெட்டிச் சுண்ணாம்பு ஒன்று, கரைந்துபோகும் சுண்ணாம்பு ஒன்று என இரண்டு வகை உண்டு. சிப்பி முதல் வகை. அதன் பக்கத்தில் வாழ்ந்த நத்தைகளும் மற்றவையும் இரண்டாம் வகை. நிலத்தடி நீர் ஊறி ஊறி அவை சர்க்கரைபோல் கரைந்துவிட்டன.

பல்லக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஒரு தெருவே இருந்திருக்கு, நமக்கு ஒரே ஒரு வீட்டுக்காரங்க மட்டும்தான் மிச்சம்," என்றார். டாக்டரம்மா அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த வருடம் அருங்காட்சியகத்துக்குப் புதிய கூடம் கட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. கூடத்தின் நடுவில் வைக்க ஒரு பெரிய சிப்பி வந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு கை சேர்த்துத் தூக்க வேண்டிய கனம். மேல்பக்கத்தைச் சுத்தம் செய்யவே பல்லக்காவுக்கு ஒரு மாதம் பிடித்தது. திங்கட்கிழமை காலை தச்சர் தாங்கியோடு வந்தார். வழவழப்பான தட்டைப் பலகை, ஓரத்தில் மெல்லிய விளிம்பு. சிப்பியைத் தூக்கி வைத்தார்கள். ஆடியது.

"ஆடுதே," என்றார் தச்சர், ஏதோ பல்லக்காவே ஆடுவதுபோல.

"புதங்கிழமைக்குள்ள ஆடாது. பலகைய வெச்சுட்டுப் போங்க."

அது அவருக்குப் புதிதல்ல. சிப்பி ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், கிண்ணத்தின் அடியில், ஒரு முண்டு இருக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய கூடத்துக் கண்ணாடிப் பெட்டிகளுக்காக நாற்பத்தொரு சிப்பிகளின் முண்டை அரைத்துத் தட்டையாக்கியவர் அவர். பெரியவர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்து, ஒன்றுகூட ஆடவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பல்லக்காவின் கைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அவர் மறக்காதது அது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய சிப்பியை மணல் தட்டில் கவிழ்த்தார். அடியில் இன்னும் மண் அப்பியிருந்தது. அரைக்கும் முன் மண்ணை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அரைக்கும் கல் அடைத்துக்கொள்ளும். ஊசியால் கொத்தினார். மண் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. முண்டு உள்ளங்கை அகலம் இருந்தது. அதன்மேல் வளைந்த பள்ளக் கோடுகள் தெரிந்தன. சமமான இடைவெளி. ஒவ்வொரு கோடும் பாதியில் இரண்டாகப் பிரிந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே பக்கமாக வளைந்து ஒரு மையத்தைப் பார்த்துப் போயின.

பழைய சிப்பிகளின் அடியிலும் கட்டைவிரல் அகலத்தில் இப்படிக் கோடுகளைப் பார்த்திருக்கிறார். சிப்பியின் தோல் முரடு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். இது அப்படி இல்லை. ஒழுங்காக எண்ணி வைத்ததுபோல் இருந்தது. அரைக்கும் கல்லைக் கையில் எடுத்தவர் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து மெழுகை எடுத்து, வெந்நீரில் தோய்த்து இளக்கி, முண்டின் மேல் வைத்து அழுத்தினார். பதினெட்டு வருடம் செய்த வேலை. ஆறியதும் உரித்துத் திருப்பினார்.

மெழுகில் ஒரு சுருள் ஓடு எழுந்திருந்தது. மேடு மேடாக விலா எலும்புகள்போல் வரிகள், உள்ளே சுருண்டுபோகும் வளையம், எல்லாம் நேற்று கரையில் பொறுக்கியதுபோல் இருந்தன.

டாக்டரம்மாவின் அறைக்கு மெழுகை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனார். அவர் பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"அக்கா, இது அம்மோனைட். கணவாய்க்கு ஒண்ணுவிட்ட உறவு, நத்தை மாதிரி ஓடு போட்டுக்கிட்டுத் திரிஞ்சது. இது ஓடு கரையிற ஜாதி. இந்தக் குவாரியில அதோட துண்டுகூட இதுவரைக்கும் கிடைச்சதில்ல."

நடந்தது என்ன என்பதை இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தார்கள். அடியெல்லாம் சேறாக இருந்த கடலில் சிப்பிக் குஞ்சுக்கு உட்கார இடமில்லை. செத்து விழுந்த ஒரு சுருள் ஓடு கிடைத்திருக்கிறது. அதன்மேல் ஒட்டி, அதன் மேடு பள்ளத்தையெல்லாம் தன் அடியில் வாங்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. பிறகு ஓடு கரைந்துவிட்டது, அச்சு நின்றுவிட்டது. பல்லக்காவுக்கு இதை யாரும் இரண்டாம் முறை சொல்லத் தேவைப்படவில்லை. மனிதரைப் பார்க்காமல் அச்சை மட்டும் பார்த்து வாழ்ந்தவர் அவர்.

புதிய கூடத்தில், இந்தக் கடலில் அம்மோனைட் இருந்ததற்குச் சான்று இல்லை என்று டாக்டரம்மாவே எழுதிய பலகை ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்பதில் அவருக்கு வருத்தமே இல்லை, பள்ளிக்கூடம் லீவு விட்டதுபோல் முகம். ஒரே ஒரு கவலைதான். ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓடு எங்கிருந்தோ மிதந்து வந்திருக்கலாம். இன்னும் வேண்டும்.

"பழைய கூடத்துல நாப்பது நாப்பத்தஞ்சு சிப்பி இருக்குல்ல? ஒண்ணையும் யாரும் கவுத்துப் பாத்ததே இல்ல. நாளைக்குக் காலையில பெட்டிய எல்லாம் திறந்துடலாங்க்கா."

பல்லக்கா அந்த நாற்பத்தொன்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா அதற்குள் தொலைபேசியில் யாருக்கோ விஷயத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அன்று மாலை கணவர் பணி முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தார். பல்லக்கா சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் அரைத்தது என் கை. அரைத்த தூளைத் துடைப்பத்தால் கூட்டிக் குப்பையில் கொட்டியதும் என் கை.

கணவர் டீயை வடிகட்டி முடித்தார். பிறகு தன் கதை ஒன்றைச் சொன்னார். பல வருடத்துக்கு முன் ஒரு புதிய தடத்தில் அவரைப் போட்டார்கள். நடுவில் ஒரு நிறுத்தம், பலகை கழன்று புதருக்குள் விழுந்து கிடந்தது. அவருக்குத் தெரியாது. ஓடி வருகிறவர்களைப் பார்த்து, நிறுத்தமே இல்லாத இடத்தில் கையைக் காட்டுகிறார்களே, என்ன ஜனம் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதம் நிற்காமல் போயிருக்கிறார்.

"அப்புறம்?"

"ஒருநாள் டயர் பஞ்சராகி அங்கேயே நின்னுச்சு. எறங்கினா புதர்ல போர்டு. டிப்போவுக்குப் போய் சொன்னேன், எட்டு மாசமா நான் இப்படிப் பண்ணியிருக்கேன்னு. மறுநாள்லேருந்து நின்னேன். வேற என்ன பண்றது?" டம்ளரை நீட்டினார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க உனக்கு வராது. உன் மூஞ்சியே அச்சு. பெட்டியத் திறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு. திறந்தப்புறம் சொன்னா அதுக்குப் பேரு வேற."

மறுநாள் டாக்டரம்மா சாவிக்கொத்தோடு வந்தபோது பல்லக்கா பழைய கூடத்து வாசலிலேயே நின்றிருந்தார்.

"டாக்டரம்மா, திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. உள்ள இருக்கிறதுல நாப்பத்தொண்ணுக்கும் அடி கிடையாது. நான் அரைச்சுட்டேன்."

"யாரு அரைக்கச் சொன்னா?"

பல்லக்கா யோசித்தார். "ஆடக் கூடாதுன்னு பெரியவர் சொன்னாரு. அரைன்னு அவர் சொல்லல. அது நானா செஞ்சதுதான்."

டாக்டரம்மா பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். ஒவ்வொன்றின் அடியும் தரை ஓடுபோல் பளபளத்தது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஆனது. நாற்பத்தொன்றும் முடிந்ததும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "வேலை சுத்தமா இருக்குக்கா, அதுதான் கஷ்டம்," என்றார். அதில் குத்தல் இல்லை. பல்லக்காவுக்குத்தான் எங்கோ குத்தியது.

தன் அறைக்குத் திரும்பினார். காற்றில் கதவு அசைந்து அந்தப் பிளாஸ்டர் கட்டியில் இடித்தது. அவர் அதைத் தாண்டி இரண்டடி வைத்துவிட்டு நின்றார்.

அந்தக் கட்டி எப்படி அங்கே வந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அரைக்கும் வேலை தொடங்கியபோது பழைய பழக்கம் விடவில்லை. அரைக்கையில் ஓடு உடைந்தால் திரும்பக் கட்டுவதற்காக, முதலில் ஒவ்வொரு சிப்பியின் அடியிலும் சோப்பு நீர் தடவிப் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார். ஒன்றும் உடையவில்லை. இரண்டாவது மூட்டை பிளாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தபோது ஸ்டோர்காரர், பிளாஸ்டர் சுவருக்குத்தான், சிப்பிக்கு எதற்கு என்று சீட்டைத் திருப்பிவிட்டார். அதோடு அச்சு எடுப்பது நின்றது, அரைப்பது நிற்கவில்லை. எடுத்த அச்சுகளை மேசைக்கடியில் ஒரு பெட்டியில் போட்டிருந்தார். மிச்சப் பிளாஸ்டரெல்லாம் சேர்ந்து கனமாகிவிட்ட ஒன்று மட்டும் கதவுக்கு வந்தது.

பெட்டியில் பத்து இருந்தன. கதவருகே குனிந்து கட்டியைக் கவிழ்த்தார். பத்து வருடம் தரையைப் பார்த்துக் கிடந்த முகத்தில் அழுக்குப் படிந்திருந்தது. பல் பிரஷால் தேய்த்தார். மேடு மேடாக விலா எலும்புகள், பாதியில் இரண்டாகப் பிரிந்து, ஒரே பக்கமாக வளைந்து.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவின் மடியில் அதைக் கொண்டுபோய் வைத்தார். அவர் சிரித்த சிரிப்பு கூடத்தின் இன்னொரு கோடிவரை கேட்டது. இரண்டு வருஷமா இதைக் காலால எத்தியிருக்கேன் என்றார். பெட்டியிலிருந்த பத்தையும் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தார்கள். ஏழு அச்சுகளில் தெரிந்தவை வேறு சிப்பிகளின் முதுகு. ஒன்றில் புழுக்குழாய்கள். ஒன்றில் எதுவும் சொல்ல முடியாத சொரசொரப்பு. கதவுக்கட்டியிலும் இன்னொன்றிலும் அம்மோனைட். பெரிய சிப்பியோடு மூன்று. இப்போது பலகையில் ஒரு வரி மாற்றி எழுதலாம். மீதி முப்பதின் அடியில் என்ன இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதையும் டாக்டரம்மா எழுதிக்கொண்டார், பல்லக்கா எழுதச் சொன்னார்.

மிச்சமிருந்தது பெரிய சிப்பியின் ஆட்டம். தச்சர் புதன்கிழமை வந்தார். அரைக்கப்போவதில்லை என்று பல்லக்கா சொன்னதும் தன் பலகையைப் பார்த்தார்.

"அப்போ மூணு கட்டை நட்டுடறேன். மூணு கால்ல நிக்கிறது எதுவும் ஆடாது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தச்சனுக்கு இது தெரியாம? பத்து வருஷத்துக்கு முன்னாடி நீங்கதான் எல்லாத்தையும் தட்டையா அரைச்சு அரைச்சு அனுப்பினீங்க. உங்களுக்குத் தட்டைதான் புடிக்கும்போலன்னு நானும் பலகையா இழைச்சுக் குடுத்தேன்."

"நீங்க பலகையா அனுப்பினீங்கன்னுதான் நான் அரைச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தச்சர் முதலில் சிரித்தார். கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை என்றார். ஆமாம், பல்லிருக்கிறவங்கதானே வாயைத் திறந்து கேக்கணும் என்றார் பல்லக்கா.

வெள்ளிக்கிழமை பெரிய சிப்பி மூன்று கட்டைகள் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரு கண்ணாடி சாய்வாக வைத்திருந்தது. வாயின் மேல்பக்கத்தைப் பார்க்கப் பல் டாக்டர்கள் வைத்துக்கொள்வதைக் கொஞ்சம் பெரிதாக்கியதுதான். குனிந்தால் சுருளின் அச்சு முழுக்கத் தெரியும். பக்கத்தில் மெழுகு, பிளாஸ்டர் கட்டி, இன்னோர் அச்சு. அதற்கடுத்து, பல்லக்கா கேட்டுக்கொண்டபடி, அரைத்த சிப்பி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

குழுவில் வந்த ஒருவர் அதன் முன்னால் நின்று, இது மட்டும் ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, கடல் தேய்த்ததா என்று கேட்டார். டாக்டரம்மா பேச வாயெடுத்தார். அதற்குள் பல்லக்கா முன்னால் வந்துவிட்டார்.

"கடல் இல்லீங்க, நான்தான். ஆடக்கூடாதுன்னு அரைச்சேன். என்ன போச்சுன்னு தெரியணும்னா அதோ அந்தக் கண்ணாடியைப் பாருங்க."

அவர் போய்க் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை குவாரியிலிருந்து அடுத்த பெட்டி வந்தது. பல்லக்கா முதல் சிப்பியை எடுத்து, மேல்பக்கத்தைத் தொடாமல், கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டி கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டதால் கதவு திறப்பதும் மூடுவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. தச்சரிடம் ஓர் ஆப்பு கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்கலாம், அவசரமில்லை. ஊசியை எடுத்தார்.